வெள்ளைத் தலையணை உறையும் மூன்று கைத்தறிச் சேலைகளும்

1. முகத்துக்கு ஏதாவது

பருவுக்கு மருந்து கேட்டு வருகிற யாரும் பரு என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "மிஸ், முகத்துக்கு ஏதாவது..." என்று இழுப்பார்கள். இல்லாவிட்டால் தங்கச்சிக்கு, மச்சானுக்கு, கூட வேலை செய்கிற பிள்ளைக்கு என்பார்கள். தங்கச்சிக்குக் கேட்கிறவளின் நெற்றியைப் பார்த்தாலே தங்கச்சி யார் என்று தெரிந்துவிடும். நானும் தெரியாதவள் போல "தங்கச்சிக்கு எத்தனை நாளா இருக்கு?" என்றுதான் கேட்பேன்.

கண்டி டவுனில் ஒரு பார்மசியின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான். சுவரில் தொங்கும் லைசன்சில் என் பெயர் இருக்கிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். முழங்கால் அதற்கு மேல் சம்மதிப்பதில்லை. புதிதாகக் கவுண்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்பது எந்த கிரீம் நல்லது என்று. நான் சொல்லப் போவது நான் சறுக்கிய கதை.

முதல் நாள் சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். டை கட்டிய ஒரு பையன் வந்து முகத்துக்கு ஏதாவது என்றான். எனக்குப் புது உற்சாகம். "பருவுக்கா? ரொம்ப நாளா இருக்கா?" என்று கணீரென்று கேட்டேன். கவுண்டரில் நின்ற ஐந்து பேரும் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் இரண்டு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அப்போதைய முதலாளி சிரிக்காமல் சொன்னார்: "சாந்தி, கேக்குறத அவங்க காதுக்கு கேளுங்க. ரோட்டுக்கு கேக்காதீங்க."

அன்றிலிருந்து என் குரல் இறங்கியது. அறிவும் இறங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஏறிக்கொண்டே போனது.

தோலில் உள்ள சின்னத் துவாரங்களில் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் வெள்ளைப் புள்ளி. வாய் திறந்து காற்றுப் பட்டால் கரும்புள்ளி. உள்ளே கிருமி பெருகி வீங்கினால் சிவந்த பரு. கரும்புள்ளியை அழுக்கு என்று நினைத்து ஸ்க்ரப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூக்கைத் தக்காளியாக்கிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடைப்புக்கு சாலிசிலிக் அசிட். அது எண்ணெயோடு சேரக்கூடியது என்பதால் துவாரத்துக்குள் இறங்கும். சிவந்து வீங்கிய பருவுக்கு பென்சோயில் பெரொக்சைட். அது கிருமியை அடிக்கும். இரண்டரை சதவீதமே பெரும்பாலானோருக்குப் போதும். ஆனால் எல்லோரும் பத்து வீதம்தான் கேட்பார்கள். பிறகு தோல் உரிந்து, எரிகிறது என்று நம்மிடமே வருவார்கள். இரவுக்கு அடபலீன் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடாது. முகம் எண்ணெய் வடிந்தால் நயாசினமைட். போத்தலில் மற்றபடி எழுதியிருப்பதில் பாதி மணத்துக்கும் மீதி படத்துக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்து நான் மூன்று கேள்வி கேட்பேன். தலைக்கு என்ன எண்ணெய்? இப்போது முகத்தில் என்ன பூசுகிறீர்கள்? முகம் துடைக்கிற துவாயும் தலையணை உறையும் என்ன கலர்?

மூன்றாவது கேள்வி என் சொந்தக் கண்டுபிடிப்பு. பென்சோயில் பெரொக்சைட் முகத்தில் இருக்கும் வரை ஒழுங்கான பிள்ளை. கலர்த் துணியில் பட்டால் சாயத்தைத் தின்றுவிடும். உடனே தெரியாது. ஈரமும் சூடும் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து, சில வேளை அடுத்த நாள், நீலத்தில் செம்மஞ்சள் திட்டு விழும். கலர் என்று சொன்னால் அதை விளக்குவேன். வெள்ளை என்று சொன்னால் விட்டுவிடுவேன். வெள்ளைத் துணியில் தின்ன என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

2. எனக்குத்தான்

தர்ஷினி வந்தது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கடை வெறிச்சோடிக் கிடந்த நேரம். இருபத்தொரு வயது இருக்கும். வெள்ளை பிளவுஸ், கறுப்புப் பாவாடை. டவுனில் ஒரு டெக்ஸ்டைல் கடையின் யூனிஃபோர்ம் அது. கவுண்டரில் இரண்டு கையையும் வைத்தாள்.

"மிஸ், இது பரு. எனக்குத்தான்."

இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி நேராகச் சொன்ன ஒரே ஆள் அவள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நெற்றி முழுவதும் சின்னச் சின்ன அடைப்புகள். இரண்டு பக்கத் தாடையிலும் கழுத்து தொடங்கும் இடம் வரை சிவந்த பரு. ஃபோனைத் திறந்து ஏழு ஸ்க்ரீன்ஷொட் காட்டினாள். ஒன்று கொரியாவில் செய்தது, ஒன்றில் நத்தை, இன்னொன்றில் கரி.

"இதுல எத மிஸ் வாங்கணும்?"

"இந்த ஏழையும் பூசினா முகம் அடுத்த பஸ்ஸ புடிச்சு ஊருக்கு ஓடிரும். ஏன் இவ்வளவு அவசரம்? கல்யாணமா?"

"அய்யோ இல்ல மிஸ். வேல." அவள் குரலை இறக்கவில்லை. "ரெண்டு வருஷமா மேல் மாடியில பிளாஸ்டிக் பாயும் கால்மிதியும் விக்கிறேன். கீழ சாரி செக்ஷன்ல ஒரு அக்கா கல்யாணம் முடிச்சு போறாங்க. அந்த எடத்த நான் கேட்டேன். முதலாளி என் முகத்த பாத்துட்டு, ரெண்டு மாசம் போகட்டும்னு சொல்றாரு."

"சாரி விக்கிறதுக்கு முகத்துல என்ன இருக்கு?"

"தோள்ல போட்டு காட்டணும்ல மிஸ். கஸ்டமர் சாரிய பாக்குற சாக்குல நம்ம முகத்ததானே பாக்குது."

தோளில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவள் வாயாலேயே சொன்னாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நான் என் பாடத்தைத் தொடங்கினேன். தலைக்கு? தினமும் தேங்காய் எண்ணெய், நெற்றி மினுங்க மினுங்க. நெற்றி அடைப்புக்கு அதுவே முக்கால் காரணம். "ஞாயித்துக்கெழம மட்டும் வைங்க, அன்னிக்கே தலைக்கு முழுகிருங்க" என்றேன். இப்போது பூசுவது? பற்பசை. "அத பல்லுக்கு வச்சிருங்க." துவாய்? வெள்ளை. தலையணை உறை? பூப்போட்டது, பச்சை.

"அத மாத்துங்க. வெள்ளையா ரெண்டு உறை வாங்குங்க. அப்பத்தான் அழுக்கு தெரியும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தொவைங்க."

"சரி மிஸ்."

துவாய் வெள்ளை, உறை வெள்ளை, போட்டிருந்த பிளவுஸும் வெள்ளை. சாயக் கதை இவளுக்குத் தேவையில்லை என்று என் மனக்கணக்கில் ஒரு கோடு கிழித்தேன். இரவில் சாலிசிலிக் அசிட் உள்ள ஃபேஸ்வொஷ். காலையில் பருவின் மேல் மட்டும் பென்சோயில் பெரொக்சைட் இரண்டரை வீத ஜெல், மெல்லிசாக. வாசனை இல்லாத ஒரு மொய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன். நாலே பொருள். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து ஃபோன் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

3. மஸ்கட்

இரண்டாவது வாரம் தாடையெல்லாம் வறண்டு, உரிந்து, அவள் அரைப் பைத்தியமாக ஓடி வந்தாள். ஜெல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் பூசச் சொன்னேன். மொய்ஸ்சரைசரை இரண்டு வேளையாக்கினேன். நாலாவது கிழமை புதிதாகப் பரு வருவது குறைந்தது. ஆறாவது கிழமை நெற்றி தெளிந்தது. ஒவ்வொரு கிழமையும் குண்டசாலை பஸ் ஏறுவதற்கு முன் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்று, முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவாள். உள்ளேகூட வர மாட்டாள். நான் மருந்துச் சீட்டு வாசித்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் காத்திருந்தேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாவது கிழமை கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு உள்ளே வந்தாள்.

"கீழ போட்டுட்டாங்க மிஸ். சாரி செக்ஷன்."

பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்தாள். எண்ணெய் வடிகிற மஸ்கட்டை ஆளுக்கு இரண்டு துண்டு தின்றோம். பருவும் எண்ணெயும் பற்றி அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

"வந்து பாருங்க மிஸ்" என்றாள். போனேன்.

சேலைக் கடையில் வேலை செய்கிறவர்கள் சேலையைக் காட்டும் விதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்டியில் கைத்தறிக்குத் தனி மவுசு. டீச்சர்மாரும் ஒஃபிஸ் போகிறவர்களும் கருநீலம், அரக்கு, கரும்பச்சை என்று அடர்ந்த நிறங்களாகத் தேடி எடுப்பார்கள். அம்பிட்டியவிலிருந்து வந்த ஒரு டீச்சர் கருநீலம் கேட்டார். தர்ஷினி மடிப்பை உடைத்து ஒரே உதறலில் சேலையை விரித்தாள். முந்தானையைத் தன் இடது தோளில் போட்டாள். கரையை இரண்டு விரலால் தூக்கித் தாடைக்குக் கீழே ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து முகத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். அந்த நீலம் முகத்துக்கு எப்படி எடுபடுகிறது என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

நான் கதிரையில் உட்கார்ந்து அந்தத் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பரு இல்லை. என் கைவண்ணம் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

4. புள்ளிகள்

ஒரு மாதம் அவள் வாசலில் நின்று முகத்தைக் காட்டவில்லை. புது வேலை, நேரம் இல்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு புதன்கிழமை வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

"மிஸ், துணியில கறை எடுக்கிற மருந்து ஏதாவது இருக்கா?"

"என்னா கறை?"

"தெரியல. மூணு சாரியில புள்ளி புள்ளியா இருக்கு. ப்ளீச் தெறிச்ச மாதிரி. மூணும் நான் எடுத்து காட்டின சாரி."

அவள் சொன்னது இதுதான். அலுமாரியில் மடித்து வைத்திருந்த கருநீலம் ஒன்று, அரக்கு இரண்டு. வாங்க வந்தவர்கள் விரித்தபோது முந்தானைப் பக்கத்தில் வெளிறிய திட்டுகள். கழுவுகிற ப்ளீச்சில் கை வைத்துவிட்டு வந்து சேலையைத் தொட்டிருக்கிறாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மேல் மாடிப் பிள்ளைக்குக் கைத்தறி பிடிக்கத் தெரியுமா என்றும் ஒருத்தி சொன்னாளாம். முதலாளி சத்தம் போடவில்லை. சனிக்கிழமை வரை பார்க்கிறேன், காரணம் தெரியாவிட்டால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருந்தார்.

"மேல பாய் விக்கிறதுக்குமா அனுப்ப மாட்டாரு?"

"கேட்டேன் மிஸ். துணிய கெடுக்கிற கைன்னு பேர் வந்துட்டா எங்கயும் வைக்க முடியாதுன்னு சொல்றாரு. அந்தப் பேரோட டவுன்ல வேற எந்தக் கடைக்காரன் எடுப்பான்?" அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒரு நாளும் ப்ளீச்ச தொட்டதே இல்ல மிஸ். சத்தியமா."

"அப்ப சாயம் சரியில்ல. நெசவுக்காரங்க மேல பழிய போடு" என்று தைரியமாகச் சொன்னேன். முதுகில் தட்டி அனுப்பினேன். போத்தலில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். இத்தனை வருஷ அனுபவசாலி செய்தது அவ்வளவுதான். தர்ஷினி என்றால் வெள்ளை உறை, வெள்ளைத் துவாய் என்று என் மண்டையில் அன்றைக்குக் கிழித்த கோடு அப்படியே இருந்தது.

5. நீலத் துவாய்

வியாழக்கிழமை காலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து சித்தி ராத்தா வந்தார். சித்தி என்பது பெயர், ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. எங்கள் பழைய கஸ்டமர். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகனுக்கு அதே ஜெல்லைப் போன மாதம் வாங்கிப் போனவர். பையிலிருந்து ஒரு துவாயை எடுத்துக் கவுண்டரில் விரித்தார்.

"இத பாருங்க மிஸ். புது தொவாய். நல்ல நீலம் எண்டு பார்த்து எடுத்த. ரெண்டு கெழமதான், எப்பிடி ஈக்கி எண்டு பாருங்க. தொவாய் வித்த மனிசனோட நல்லா சண்ட புடிச்சிட்டு நேரா இங்க வாறேன்."

நீலத்தின் நடுவில் செம்மஞ்சள் திட்டுகள். ஒரு பையன் முகம் துடைத்த அளவுக்கு.

"பாவம் அந்த மனுசன்" என்று நான் சிரித்தேன். "அன்னிக்கு வாங்கும்போதே சொன்னேனே ராத்தா. அந்த ஜெல்லு சாயத்த திங்கும், மகனுக்கு வெள்ளை துவாய் குடுங்கன்னு."

"நீங்க சென்னீங்கதான். வீட்ல வெள்ள தொவாய்தான் வெச்சீக்கிறேன். இவன் கிரிக்கெட் வெளயாட போகக்குள்ள பேக்ல இத கொண்டு போயீக்கிறான். வெளயாடுற எடத்துக்கு என்ன கலர் தொவாய் எண்டு நீங்க கேக்கல்லயே."

என் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த துவாய் எனக்குத் துவாயாகத் தெரியவில்லை. கருநீலக் கைத்தறியின் கரையை இரண்டு விரலால் தூக்கித் தாடைக்குக் கீழே பிடித்த கை தெரிந்தது. வீட்டைக் கேட்டேன். கட்டிலைக் கேட்டேன். அந்தப் பிள்ளை ஒரு நாளில் பத்து மணி நேரம் எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. அதைவிட மோசம், பச்சைப் பூப்போட்ட தலையணை உறையை மாற்றச் சொன்னதும் நான்தான். அது இருந்திருந்தால், கழுவிய பிறகும் தோலில் தங்கும் ஜெல் பட்டு முதல் கிழமையிலேயே திட்டு விழுந்து, "மிஸ், இது என்னா?" என்று ஓடி வந்திருப்பாள். சாட்சியை நானே துவைத்துப் போட்டேன்.

"மிஸ், என்ன ஒரு மாதிரி ஈக்கிறீங்க?" என்றார் சித்தி ராத்தா.

"நீங்க எனக்கு பெரிய உதவி செஞ்சிருக்கீங்க ராத்தா. அந்த துவாய்க்காரர்கிட்ட மட்டும் மன்னிப்பு கேட்ருங்க."

"அது ஏலாது மிஸ். நான் பேசின பேச்சு கொஞ்சமா?" என்றார்.

6. லாச்சிக்குள் இரண்டு துண்டு

பகல் வரை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வழி இருந்தது. தர்ஷினியைக் கூப்பிட்டு ஜெல்லை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்ளலாம். இனிப் புள்ளி விழாது. ஆனால் விழுந்த புள்ளிக்குக் காரணம் யாருக்கும் தெரியாது, சனிக்கிழமை அவள் வேலை போகும். நான் போய்ச் சொன்னால் இந்த பார்மசியில் வாங்கிய மருந்து துணியைக் கெடுத்தது என்று டவுன் முழுவதும் பேசும். லைசன்சில் என் பெயர். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடு ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, ஜெல் டியூப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கடை முதலாளி பொன்னையா அறுபதைத் தாண்டியவர். காசுமேசையில் உட்கார்ந்திருந்தார். தர்ஷினி தூரத்தில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் பேசவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். பருவுக்கு மருந்து கொடுத்ததைச் சொன்னேன். சாயத்தைத் தின்னும் என்பதை அவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் முப்பத்தஞ்சு வருஷமா துணி விக்கிறேன். சாயம் போனா ஒழுகும். இது ஒழுகல, அந்த எடத்துலயே செத்துப் போயிருக்கு. என்னமோ பட்டிருக்குன்னு எனக்கு தெரியும். ஆனா முகத்துல பூசுற மருந்து இத செய்யும்னு எப்பிடி நம்புறது?"

"நம்ப வேணாம். அந்த நீல சாரிக்கு உள்ள பிளவுஸ் துண்டுல வெரல் அகலத்துக்கு ரெண்டு துண்டு வெட்டி குடுங்க."

கெட்டுப்போன சேலைதான், இருந்தாலும் கத்தரிக்கோலை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு வெட்டினார். இரண்டு துண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர் நனைத்தேன். மற்றதில் தண்ணீர் நனைத்து ஒரு பட்டாணி அளவு ஜெல்லைத் தேய்த்தேன். உடனே ஒன்றும் ஆகவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது.

"நாளைக்கு காலையில பாருங்க" என்றேன்.

அவர் இரண்டையும் ஒரு தாளில் வைத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். நானே மாற்றி வைத்துவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ.

வெளியே வரும்போது தர்ஷினி என் பின்னால் வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேனா, திட்டுவாள் என்று எதிர்பார்த்தேனா, தெரியாது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மிஸ், நீங்க காலையில மட்டும்னுதான் சொன்னீங்க. கீழ வந்த பெறகு நான் மத்தியானமும் பூசினேன். பரு திரும்ப வந்துருமோன்னு பயம். கழுத்து வரைக்கும் பூசினேன். அப்ப நான்தான் கெடுத்திருக்கேன்."

"நீ கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும். அது என் வேல, உன் வேல இல்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப இனி முகத்துக்கு என்னா மிஸ் பூசுறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. பிள்ளைக்கு முகம்தான் முக்கியம். அவள் அப்படித்தான், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கு நானும் போய் நின்றேன். முதலாளி எனக்கு முன்னாலேயே லாச்சியைத் திறந்திருந்தார். தண்ணீர் நனைத்த துண்டு அப்படியே இருந்தது. மற்றதில் நடுவில் செம்மஞ்சள் புள்ளி, ஓரம் கொஞ்சம் வெள்ளையாக. அவர் அதைச் சேலையின் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்.

"இந்தா, கண்ணால பாத்துக்குங்க. இது மருந்து செஞ்ச வேல. அந்தப் புள்ள கை சுத்தம். இதுக்கு மேல யாராவது வாயத் தொறந்தா நான் பாத்துக்குறேன்."

அவ்வளவுதான் சொன்னார். தர்ஷினி எழுந்த இடத்திலேயே மீண்டும் உட்கார்ந்து சேலை மடிக்கத் தொடங்கினாள். முதல் மடிப்பு நேராக வரவில்லை, உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள்.

என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டபோது பொன்னையா முதலாளி கேட்டார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு தெரிஞ்சிருக்காது. ஏம்மா வந்து சொன்னீங்க?"

"எங்க கவுண்டருக்கு வர்ற எல்லாரும் அது தங்கச்சிக்கு, இது மச்சானுக்குன்னுதான் சொல்லுவாங்க. இந்தப் புள்ள மட்டும் எனக்குத்தான்னு நேரா சொன்னுச்சு. நான் மட்டும் ஒளிஞ்சா நல்லாருக்காது முதலாளி."

7. வெள்ளைத் துணி

தர்ஷினிக்கு மருந்தை மாற்றினேன். பகலில் ஜெல் கிடையாது. இரவில் அடபலீன் மெல்லிசாக, கூடவே பழைய ஃபேஸ்வொஷ். தலையணை உறை வெள்ளை வேண்டாம், பழைய பச்சைப் பூவையே போட்டுக்கொள் என்றேன். பயத்தில் திரும்பவும் ஜெல்லைப் பூசினால் அது காட்டிக் கொடுக்கட்டும்.

என் கேள்விகள் இப்போது நாலு. புதியது முதலில் வரும்: என்ன வேலை செய்கிறீர்கள்? கேட்டுப் பாருங்கள், தோல் பற்றிய பாதிக் கதை அதில் வந்துவிடும். கொத்து ரொட்டி போடுகிறவன் நெற்றியில் எண்ணெய்ப் புகை. த்ரீவீல் ஓட்டுகிறவனுக்குக் கழுத்தில் அழுக்கும் வியர்வையும். மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டு போகிறவனுக்கு ஹெல்மட் வார் உராய்கிற தாடை. ஒவ்வொருவர் முகத்துக்குப் பின்னாலும் ஒரு வேலை நிற்கிறது. நான் இருபத்தெட்டு வருஷமாகத் துவாரத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துவாரம் யாருடைய முகத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிள்ளைகளே, டியூபில் எழுதியிருப்பதை நீங்கள் என்னைவிட வேகமாக வாசிப்பீர்கள். இதை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கிய அந்த நீலத் துண்டு எங்கள் கவுண்டர் லாச்சியில் இருக்கிறது, காட்டுவதற்கு வசதியாக.

போன மாதம் அந்தக் கடைக்கு எனக்கே ஒரு கைத்தறி எடுக்கப் போனேன். சேலைப் பிரிவில் நின்ற நாலு பிள்ளைகளின் இடது தோளிலும் மடித்த வெள்ளைத் துணி ஒன்றை ஊசியால் குத்தியிருந்தார்கள். முந்தானை அதற்கு மேல்தான் விழுந்தது. கரையைத் தாடையில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "மத்த கடையில இப்பிடி சுத்தம் பாக்க மாட்டாங்க. யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க மிஸ் ஒருத்தங்க" என்றாள் தர்ஷினி. என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று சேலையைக் கெடுத்தவள் நான். கதிரையில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷமாக இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

பிறகு அவள் எனக்காக ஒரு கரும்பச்சையை உதறி விரித்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சாய்த்தாள். தாடையோரத்தில் ஒரே ஒரு சின்னப் பரு இருந்தது. அதன் மேல் எதுவும் பூசியிருக்கவில்லை. அவள் அதை மறைக்கவும் இல்லை.